காகிதம் கேட்பவர்கள்

மலையாளத்தின் முதல் படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இரண்டாவது படம் மிஞ்சியிருக்கிறது. அது மிஞ்சியதற்குக் காரணம் ஒரு வழக்கு.

நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்டவர்மா' என்ற மௌனப்படம் 1933இல் திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் திரைக்கு வந்தது. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல்தான் கதை. ராமன் பிள்ளை 1922இலேயே காலமாகிவிட்டார். நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்திலேயே இருந்த கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. தங்களிடம் அனுமதி பெறாமல் படம் எடுத்துவிட்டார்கள் என்று பதிப்பகத்தார் நீதிமன்றம் போனார்கள். ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே படம் நின்றது. படச்சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போனது. தயாரிப்பாளர் போட்ட பணம் போனது போனதுதான்.

சுமார் நாற்பது ஆண்டுகள் அந்தச் சுருள் புத்தகக்காரர்களிடமே கிடந்தது. படம் வெளிவந்த அதே 1933இல் அதே திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. நாயர் பின்னாளில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பினார். 1974இல் அந்தக் காப்பகம் 'மார்த்தாண்டவர்மா'வை மீட்டது. அந்தக் காலத்து மௌனப்படங்கள் பலவும் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்தன, கிழிந்தன. சுருளில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. இந்தப் படம் சுற்றவே இல்லை. பூட்டிக் கிடந்ததால் பிழைத்தது.

இதைச் சொல்லி அந்த வழக்குக்கு நன்றி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுந்தர்ராஜுக்கும் பதிப்பகத்துக்கும் நடுவே ஒழுங்காக நடந்திருக்க வேண்டிய ஒரு பேச்சைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஊருக்குள் நடந்திருக்கக்கூடிய பேச்சு. அதில் யார் என்ன விலை சொல்லியிருப்பார்கள்? திருவிதாங்கூரில் தென்னந்தோப்புக்கு விலை இருந்தது, நல்லமிளகுக்கு விலை இருந்தது, நாடகக் கம்பெனியை ஒரு ராத்திரிக்கு அழைக்க விலை இருந்தது. நாவலைப் படமாக்கும் உரிமைக்கு விலை என்று ஒன்று இல்லை, ஏனென்றால் அதுவரை அங்கே யாரும் அதை விற்றதில்லை. முன்வழக்கம் இல்லாத இடத்தில் பேரம் பேச இரண்டு பக்கமும் பயப்படும். கொடுப்பவருக்குக் குறைத்துக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். எடுப்பவருக்கு, போய்க் கேட்டால் விலை ஏறிவிடுமே என்ற பயம். கேட்காமலே எடுத்துவிடலாம் என்ற துணிச்சல் இந்த இரண்டாவது பயத்தில்தான் பிறக்கிறது.

சினிமாவில் ஒவ்வொரு புதிய வரவின்போதும் இதுதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பழைய படங்களின் பத்திரங்களில் சாட்டிலைட் என்ற சொல்லே இருக்காது. தனியார் தொலைக்காட்சி வந்ததும், 'சகல உரிமைகளும்' என்று பொதுவாக எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நெகட்டிவ் வைத்திருந்தவரும் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் மோதினார்கள். இன்று சட்டம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி போனது. எழுதிக் கொடுக்கும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை, அந்த உரிமை மாற்றம் செல்லாது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொட்டகைக்கு வெளியே வரும் வருமானத்தில் உள்ள பங்கை அவர்களிடமிருந்து எழுதி வாங்கவும் முடியாது. எழுத்தாளர்களும் இசையமைப்பாளர்களும் பல ஆண்டுகள் ஏமாந்த பிறகு வந்த வரிகள் இவை.

அப்படியும் சண்டை ஓயவில்லை. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம், 1991இல் வந்த நம் 'குணா'வின் பாடலை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு முழுக்க ஓடியபோது, இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருந்த இசை நிறுவனங்களிடம் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றது படக்குழு. வாங்கியவரிடம் இவர்கள் கேட்டார்கள், படைத்தவரிடம் கேட்கவில்லை. 1933இல் கேபிடல் கொட்டகையில் எழுந்த அதே கேள்விதான்: இந்தக் கதை, இந்தப் பாட்டு யாருடையது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும்?

முதல் படத்துக்கு வருகிறேன். ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' அதே கேபிடல் கொட்டகையில் திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. டேனியல் சுந்தர்ராஜின் உறவினர். அகஸ்தீஸ்வரத்துக்காரர், நாடார் குடும்பம். சொந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்று ஒரு ஸ்டுடியோ வைத்துப் படம் எடுத்தார். நாயகி பி.கே. ரோசி தலித் பெண். திரையில் ஒரு நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார்.

படத்தைத் தொடங்கிவைக்க ஊரின் பெரிய வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளையை அழைத்தார்கள். அந்தப் பெண் வந்தால் தான் வருவதில்லை என்று அவர் நிபந்தனை போட்டதாகவும், டேனியல் அதற்கு இணங்கியதாகவும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மலையாள சினிமாவின் முதல் பேரம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் பணம் இல்லை. ஒரு பக்கம் ஊர்ப் பெரிய மனிதரின் வருகை, மறு பக்கம் நாயகியின் வருகை. டேனியலுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நிலத்தை விற்றவருக்கு ஊர்ப் பெரியவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. யாரைப் பற்றிய பேரமோ அந்தப் பெண் அந்தப் பேச்சில் இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்ததாலும் பயன் இல்லை. கீழ்ச்சாதிப் பெண் நாயர் பெண்ணாக வருவதைப் பார்த்த கூட்டம் திரையை நோக்கிக் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் வந்து, ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, சினிமாவின் நிழலே படாமல் வாழ்ந்து முடித்தார்.

டேனியல் எல்லாம் இழந்து பல் மருத்துவரானார். கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்தில் இருந்தபடி கேரள அரசிடம் உதவி கேட்டார். தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 1975இல் இறந்தார். 1992இல் அவர் பெயரில் அதே அரசு தன் மிகப் பெரிய சினிமா விருதை நிறுவியது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனான எனக்கு இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. 1956இல் மாநில எல்லையை வரைந்தபோது திருவனந்தபுரத்துக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் நடுவில் கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் இருந்தார் என்பது ஒரு கிழவருக்கு உதவித்தொகை மறுக்கப் போதுமான காரணமாக இருந்திருக்கிறது.

இன்றும் எங்கள் பக்கத்திலிருந்து வட்டார வழக்கு சொல்லிக்கொடுக்கவும், தமிழ் வசனம் திருத்தவும் மலையாளப் படங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு படத்துக்குப் போனார். புரொடக்‌ஷன் கன்ட்ரோலரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்திருக்கிறார்.

"சேட்டா, ஒரு அக்ரிமென்ட் மாதிரி எழுதிக்கிட்டா நல்லாருக்கும்."

"என்ன அண்ணாச்சி, நமக்குள்ள எதுக்குப் பேப்பர்? படம் முடியட்டும். உங்கள விட்டுருவமா?"

அட்வான்ஸும் தினப் பேட்டாவும் கிடைத்தன. மீதி வரவில்லை. டைட்டிலில் பெயரும் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டாரா என்றேன். "கேட்டா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாம்லா" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. அடுத்த வேலை என்ற நம்பிக்கையை நீட்டி நீட்டியே இந்தத் தொழிலில் முந்தைய வேலையின் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். அண்ணாச்சி, சேட்டா என்ற உறவு அதற்குத் துணை போகிறது. சொந்தக்காரனிடம் பத்திரம் கேட்பது அவமரியாதை என்று நாமே வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

நல்ல பேரமும் திருவனந்தபுரத்தில் நடந்திருக்கிறது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சித்ரலேகா, திரைப்படச் சங்கமாகவும் கூட்டுறவாகவும் வளர்ந்தது. பைனான்சியர்களிடம் போகாமல் படம் எடுப்பது அவர்கள் எண்ணம். மத்திய அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனிடம் அடூர் முதலில் கொண்டுபோன படத்துக்குக் கடன் கிடைக்கவில்லை. பிறகு 'சுயம்வரம்' படத்துக்குக் கிடைத்தது. சுமார் இரண்டரை லட்சம் செலவில் ஒன்றரை லட்சம் அந்தக் கடன். மீதியை ஆவணப்படங்கள் எடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து கூட்டுறவே போட்டது. 1972இல் வெளியானபோது கொட்டகைகளில் படம் நிற்கவில்லை. சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு என்று நான்கு தேசிய விருதுகள் வந்த பிறகு மறுபடி வெளியிட்டார்கள். அந்த வசூலில் கடன் அடைந்தது. கந்துவட்டிக்காரராக இருந்திருந்தால் முதல் வெளியீட்டிலேயே நெகட்டிவைக் கைப்பற்றியிருப்பார். காத்திருக்கத் தெரிந்த பணம் அது. 1975இல் கேரள அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியதும், திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோ எழுந்ததும் இதே நம்பிக்கையின் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன்.

'சுயம்வர'த்தில் நடித்துத் தேசிய விருது வாங்கிய சாரதாவின் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும். அதற்கு முன் நடிகர்களின் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காகிதம் வேண்டாம் என்று சொன்னவர்கள் எப்போதும் முதலாளிகள் மட்டும் அல்ல.

2004இல் தயாரிப்பாளர் தரப்பு நடிகர்களோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்றது. நடிகர் சங்கமான 'அம்மா' எதிர்த்து நின்றது. வாய்வார்த்தையில் அட்வான்ஸ் வாங்கி, கால்ஷீட்டைத் தள்ளித் தள்ளிப் போடும் வசதி உச்ச நட்சத்திரங்களுக்கு இருந்தது. எழுதிக் கொடுத்தால் அது போய்விடும். சங்கத்தை மீறி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வினயன் இயக்கிய 'சத்யம்' படத்தில் நடித்தார் இளைஞராக இருந்த பிருத்விராஜ். அதற்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. அடுத்து 'அத்புத த்வீபு' தொடங்கியபோது பிருத்விராஜோடு நடிக்கச் சக நடிகர்கள் தயங்கினார்கள். குள்ளர்களின் தீவைப் பற்றிய அந்தப் படத்துக்குக் கின்னஸ் பக்ருதான் நாயகன் என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகுதான் பிருத்விராஜின் பெயரை வெளியிட்டதாக வினயன் சொல்லியிருக்கிறார். பக்ரு உண்மையிலேயே நாயகனாக நடித்தார், கின்னஸிலும் இடம் பிடித்தார். எழுத்து ஒப்பந்தம் வேண்டாம் என்று போராடியவர்களைக் கட்டிப்போட்டது கடைசியில் எழுத்து ஒப்பந்தமேதான்.

வினயனுக்கு அதோடு முடியவில்லை. 2008க்குப் பிறகு அவரோடு வேலை செய்யக் கூடாது என்று எழுதப்படாத தடை விழுந்தது. அவர் படத்தில் நடித்த திலகன், முன்பணம் வாங்கியிருந்த 'கிறிஸ்டியன் பிரதர்ஸ்' படத்திலிருந்து தான் நீக்கப்பட்டதை 2010இல் வெளிப்படையாகச் சொன்னார். 'அம்மா' அவரை வெளியேற்றியது. அந்த மகா நடிகர், வேலை தேடி நாடக மேடைக்குத் திரும்பும் அளவுக்குத் தனித்து விடப்பட்டார். தடை போட்டதற்குக் காகிதம் எதுவும் இல்லாததால் மறுப்பதும் எளிதாக இருந்தது. ஆனாலும் வினயன் விடவில்லை. 2017இல் இந்தியப் போட்டி ஆணையம் இது தொழிலை முடக்கும் கூட்டுச்சதி என்று கண்டு, 'அம்மா'வுக்கு 4,00,065 ரூபாய் அபராதம் விதித்தது. தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெஃப்காவுக்கும் அபராதம். 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. திலகன் அதைப் பார்க்க இல்லை. 2012இலேயே போய்விட்டார்.

அதே 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை கொச்சியில் கடத்தித் தாக்கப்பட்டார். அந்த ஆண்டே பெண் கலைஞர்கள் சேர்ந்து டபிள்யூ.சி.சி. என்ற அமைப்பைத் தொடங்கி, திருவனந்தபுரத்துக்கு வந்து முதலமைச்சரைச் சந்தித்தார்கள். அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. உறுப்பினர்கள் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி. வல்சலகுமாரியும் நடிகை சாரதாவும். 2019 டிசம்பர் 31இல் கொடுத்த அறிக்கை, நாலரை ஆண்டுக்கு மேல் பூட்டிவைக்கப்பட்டு, பல பகுதிகள் நீக்கப்பட்ட வடிவில் 2024 ஆகஸ்ட் 19இல் வெளியானது.

பாலியல் குற்றங்களைப் பற்றித்தான் நாடெங்கும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த அறிக்கையை ஒரு தொழில் ஆவணமாகவும் படிக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு எழுத்து ஒப்பந்தமே இல்லை. பேசிய சம்பளம் ஒன்று, வருவது ஒன்று. ஏஜென்டுகள் வழியே வரும் துணை நடிகைகளுக்குக் கழிப்பறை, சாப்பாடு, வேலை நேரம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. முன்பு சொன்னதற்கு மேலான உடல்நெருக்கக் காட்சியைப் படப்பிடிப்பில் கேட்டதால் படத்தைவிட்டே விலகிய ஒரு நடிகையின் சாட்சியமும் அதில் இருக்கிறது. காட்சி எத்தகையது என்று முன்பே எழுதியிருந்தால் அவள் "முடியாது" என்று சொல்லத் தனி வீரம் தேவைப்பட்டிருக்காது, பத்திரத்தைக் காட்டினால் போதும். எழுதாத இடத்தில் எல்லாமே பேரமாகிவிடுகிறது, உடம்பும்கூட. டபிள்யூ.சி.சி. தான் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு பி.கே. ரோசியின் பெயரை வைத்தது மிகச் சரி. தன்னைப் பற்றிய பேச்சில் தானே இல்லாதிருந்த பெண் அவர்.

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் திரைப்படக் கொள்கை மாநாடு நடந்தது. பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் வளர்ச்சிக் கழகம் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை கொடுக்கும் திட்டத்தைக் குறிப்பிட்டு, அந்தத் தொகை அதிகம், ஐம்பது லட்சமாகப் பிரித்துக் கொடுங்கள், முதலில் பயிற்சி கொடுங்கள் என்று மேடையில் பேசினார் அடூர் கோபாலகிருஷ்ணன். அரங்கிலிருந்தே பாடகி புஷ்பவதி எதிர்த்துக் குரல் கொடுத்தார். அடூரின் படங்கள்மேல் எனக்குள்ள மரியாதை குறையாது. பொதுப்பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு முழுநீளப் படமும் எடுத்திராத ஒருவரை நம்பி அரசு ஒன்றரை லட்சம் கடன் கொடுத்ததால் பிறந்தது 'சுயம்வரம்'. அவர் புனேயில் படித்தவர்தான். அந்தப் படிப்புக்குப் போய்ச் சேரும் வழி எல்லோருக்கும் ஒரேபோல் திறந்திருக்கவில்லை. அன்று அவருக்குக் கிடைத்த பொறுமை இன்று அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இப்போது பெரிய வியாபாரமெல்லாம் கொச்சியில் பேசி முடிகிறது. திருவனந்தபுரத்தின் கையில் மிச்சமிருப்பது அரசு. அரசின் ஓடிடி தளமான சி ஸ்பேஸ் 2024 மார்ச்சில் தொடங்கியபோது, ஒரு படம் பார்க்க 75 ரூபாய், அதில் பாதி படத்தைக் கொடுத்தவருக்கு என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். தளம் பெரிதாக வளர்ந்ததா என்பது வேறு. பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தனியார் தளங்கள் எந்தப் படத்துக்கு என்ன கொடுத்தன என்பது, எடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தவிர யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் அரசால் செய்ய முடியும். மலையாளப் படங்களுக்கு மானியம் தருவதும், விருது தருவதும், சித்ராஞ்சலியைக் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடுவதும் அரசுதான். இவற்றில் எதைக் கேட்டு வரும் படமும், நாயகன் முதல் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகை வரை ஒவ்வொருவரோடும் போட்ட ஒப்பந்தத்தின் நகலை மனுவோடு இணைக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால் போதும். சம்பளம், தேதி, வேலை நேரம், காட்சியின் தன்மை, டைட்டிலில் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்; ஒப்பந்தம் மலையாளத்திலும் தேவைப்பட்டால் தமிழிலும், கையெழுத்திடுகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில். நகல் இல்லாத மனுவைத் திருப்பி அனுப்ப ஒரு குமாஸ்தா போதும்.